பழம்பெருமையும் கைத்திறனும்

ஆங்கில அகராதியில் ஏறிய தமிழ்ச் சொற்களை எண்ணிக் கூறுங்கால் 'கட்டுமரம்' என்பதனை நாம் தவறாது கூறுகின்றோம். அவையிலுள்ள மாணவர் கைதட்டி மகிழ்வர். ஆயின், கைதட்டியவருள் கட்டுமரம் ஒன்றைக் கட்ட அறிந்தவர் எத்தனை பேர்? அதற்கு எம்மரம் ஏற்றது, எவ்வாறு செதுக்க வேண்டும், கயிற்றை எங்கே இறுக்க வேண்டும் என்று வினவினால், தமிழாசிரியராகிய நம்முள்ளும் விடை கூறுவோர் அரியர். சொல்லை நாம் போற்றினோம்; பொருளைக் காத்தவர் மீனவர். பழம்பெருமை பேசும் நாம் அனைவரும் அறியத்தக்க ஒருவர் வரலாற்றை இவ்விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவர் பெயர் தோம் பிளேக். கடலலைமீது நின்று செல்லும் அலைச்சறுக்குப் பலகையைப் புதுமுறையில் அமைத்தவர். அதன்மேல் நின்று அலையேறியவரும் அவரே. 1902ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திற் பிறந்தார். அங்கே ஏரியுண்டு, கடலில்லை. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தார். 1920இல் டெட்ராயிற் நகரத் திரையரங்கொன்றில், ஹவாய்த் தீவின் புகழ்மிக்க நீச்சல் வீரரான டியூக் கஹனமோக்குவைக் கண்டு கைகுலுக்கினார். கடலறியாத இளைஞனின் உள்ளத்திற் கடல் புகுந்தது அன்றுதான். பின்னர்க் கலிபோர்னியா சென்று நீச்சலிற் சிறந்து, கடற்கரை உயிர்காப்பாளராகவும் பணிபுரிந்தார். 1924இல் ஹவாயை அடைந்தார்.

அலையேறுதல் ஹவாய் மக்களின் பழங்கலை. 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டார் கொணர்ந்த நோய்களால் அம்மக்கள் தொகை குன்றியது. சமயப் போதகர் பலர் அக்கலையை இகழ்ந்தனர். அதனால் அது பெரிதும் நலிந்து, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் தளிர்த்தது. முற்காலத் தலைவர் ஊர்ந்த நெடும்பலகைகள் ஹொனலூலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்திற் பழுதுற்றுக் கிடந்தன. பார்த்தோர் பலர், வியந்தோரும் பலர். பிளேக் வியந்ததோடு அமையவில்லை. 1926இல் அவற்றைத் தம் கையாற் செப்பனிட்டார். செப்பனிடுங்கால் அவற்றின் நீளமும் வளைவும் அவர் கைக்குப் பாடமாயின.

பின்னர் அவ்வடிவைத் தழுவித் தாமே பலகை செய்தார். கனத்தைக் குறைக்கும்பொருட்டு, ரெட்வுட் மரப்பலகையில் நூற்றுக்கணக்கான துளைகளையிட்டு, மேலே மெல்லிய மரத்தகட்டால் மூடினார். 1928இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த முதலாவது பசிபிக் கரை அலைச்சறுக்குப் போட்டியில் வென்றார். 1932இல், உள்ளே வெற்றிடமுள்ள பலகைக்குக் காப்புரிமை பெற்றார். 1935இல், பலகை பக்கவாட்டில் வழுக்காதிருக்க அதன் அடியில் மீன்செட்டை போன்றதொரு தகட்டைப் பொருத்தினார். அதே ஆண்டில் ஹவாய்ப் பலகையைப் பற்றி நூலும் எழுதினார். காப்புரிமை பெற்றவராயினும், பலகை செய்யும் முறையை யாவரும் செய்து பார்க்கும் வண்ணம் இதழ்களில் வெளியிட்டார். பள்ளிப் பட்டறைகளில் மாணவர் அதனைச் செய்தனர். உயிர்காப்பாளர் அதனைக் கொண்டு நீரில் வீழ்ந்தோரை மீட்டனர். 1994இல், தாம் பிறந்த மாநிலத்திலேயே மறைந்தார்.

நம்மவரிடையும் இதற்கொத்த செய்தி ஒன்றுண்டு. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில், மீனவர் குடியிற் பிறந்த மூர்த்தி மேகவன், சிறுவயதில் மரப்பலகைத் துண்டின்மேல் அலையேறி விளையாடியவர். அவரே 2012இல் அவ்வூரில் அலைச்சறுக்குப் பள்ளி தோன்றக் காரணராகி, மீனவச் சிறாரைப் பயிற்றுவிக்கலானார். கடலோடிகளின் கைத்திறன் புதுவழி கண்டமைக்கு இது சான்று.

மலைநாட்டில் வாழும் நமக்குக் கடற்பலகையின் கதை எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். நாம் கூற வந்தது கடலைப் பற்றியன்று, கையைப் பற்றியது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை வாணிகப் பயிராகத் தொடங்கிய நாள் முதலாக, நம் முன்னோர் கை பிறர் ஏவலுக்கே உழைத்தது. கொழுந்து பறித்ததும் கவ்வாத்து வெட்டியதும் கான் வெட்டியதும் அக்கையே. ஆதலின், தம் பிள்ளையின் கை பேனா ஒன்றையே பிடித்தல் வேண்டும் என்று பெற்றோர் விரும்புவதில் வியப்பில்லை. அதனை நாம் பழித்தலும் ஆகாது. ஆயினும், ஏவலுக்கு உழைக்கும் கை வேறு. எண்ணியதை ஆக்கும் கை வேறு. முன்னதன் துன்பத்தை எண்ணிப் பின்னதையும் வெறுத்தல், உமியோடு அரிசியையும் தூற்றிவிடுவதாகும்.

நம் காமன் கூத்தையும் தப்பிசையையும் மலையகத்தின் செல்வமென்று விழாதோறும் புகழ்கின்றோம். தப்புக்குத் தோல் கட்டுவது எவ்வாறு, தீயிற் காய்ச்சி ஓசை கூட்டுவது எவ்வாறு என்று அறிந்த முதியவரிடம் நம் மாணவரை அனுப்புகின்றோமா? அம்முதியவரைச் சாதி பற்றி எட்ட நிறுத்திவிட்டு, அவர் கருவியை மட்டும் மேடையேற்றுவது எவ்வகை நேர்மை? க.பொ.த. உயர்தரத்தில் 2013ஆம் ஆண்டு தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதனையும் மற்றவற்றிற்கு ஆகாதவர் புகுமிடமாக நம்மிற் பலர் கருதுகின்றோம். இக்கருத்து நீங்காதவரை, கைத்திறன் நம் கல்லூரி வாயிலுக்கு வெளியேதான் நிற்கும்.

ஆண்டு விழாக்களின் நினைவாக வளைவு எழுப்புதலும் சிலை நிறுவுதலும் எங்கும் வழக்கமாயின. பழைய மாணவராகிய அன்பர்களை நாம் வேண்டுவது பிறிதொன்று. இழைப்புளியும் உளியும் வாளும் நிறைந்த பட்டறை ஒன்றைக் கல்லூரிக்கு அளியுங்கள். தோட்டத்துத் தச்சரையும் தப்பு கட்டும் முதியவரையும், சான்றிதழ் வினவாது, ஆசானாக அழைத்து அமரச் செய்யுங்கள். அவர்க்குரிய வணக்கத்தை ஆசிரியராகிய நாம் முதலிற் செலுத்துவோம். மாணவர் நம்மைப் பின்பற்றுவர்.

முன்னோர் செய்த பொருளைப் புகழ்வது எளிது. அதனைக் கையிலெடுத்துப் பழுது பார்த்து, அதனினும் சிறந்ததொன்றைச் செய்து தருதலே அவர்க்கு நாம் செலுத்தும் கடனாகும்.