ஆகாயத்தில் வழி விடுதல்

பரீட்சையில் தேறிய பிள்ளைக்குத் தகப்பனார் சைக்கிள் வாங்கிக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. பிறகு கைக்கடியாரம் வந்தது. புகைப்படக் கருவி வந்தது. இப்போது சில வீடுகளில் டிரோன் வந்திருக்கிறது. நான்கு சிறு விசிறிகளைச் சுழற்றிக்கொண்டு, வண்டைப் போல் ரீங்காரமிட்டு எழும்பும் இந்தப் பொம்மையைக் கண்டு குழந்தைகள் கை கொட்டுகிறார்கள். தன் வீட்டு மொட்டை மாடியையும் ஊர்க் குளத்தையும் அது எடுத்து வந்த படத்தில் கண்டு பாட்டியும் அதிசயிக்கிறாள்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. யந்திரங்களோடு கூச்சமின்றிப் பழகும் பிள்ளைகள் நம் தேசத்துக்கு மிகவும் வேண்டும். ஆயினும், பொம்மை என்ற பெயரைக் கேட்டு நாம் ஏமாந்து போகலாகாது. சைக்கிள் பழகும் பையன் விழுந்தால் பெரும்பாலும் அவனுடைய முழங்கால்தான் சிராய்கிறது. டிரோன் பறக்கும் வெளியிலோ, மனிதர்களைச் சுமந்துகொண்டு ஹெலிகாப்டர்களும் தாழப் பறக்கின்றன.

"ஆகாயம் எவ்வளவு விசாலமானது! அதில் ஒரு சிறு பொம்மையும் ஒரு ஹெலிகாப்டரும் முட்டிக்கொள்வதாவது!" என்று நேயர்களில் சிலர் நகைக்கலாம். அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டால் அந்த நகைப்பு அடங்கிவிடும்.

2017-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி மாலை. நியூயார்க் நகரத்தில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை கூடியிருந்தபடியால், அந்நகரின் ஆகாயத்தில் தற்காலிகத் தடைகள் விதிக்கப்பட்டிருந்தன. சூரியன் மறைந்து சிறிது நேரம் ஆயிற்று. ஸ்டேடன் தீவின் கரையோரமாக ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று சுமார் 300 அடி உயரத்தில் வந்துகொண்டிருந்தது. ஒன்றரைக் கிலோ எடைகூட இல்லாத ஒரு விளையாட்டு டிரோன் அதன்மீது மோதிற்று. டிரோன் சிதறிப் போயிற்று. ஹெலிகாப்டரின் பிரதான விசிறி அலகு ஒன்றில் பள்ளம் விழுந்தது. தெய்வாதீனமாக, விமானி அதைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டார்.

இனிமேல்தான் ஆச்சரியம். டிரோனை விட்டவர் அங்கிருந்து சுமார் நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தார். மோதல் நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது! ஹெலிகாப்டரில் சிக்கியிருந்த மோட்டாரின் எண்ணைக் கொண்டு துப்புத் துலக்கி, விசாரணை அதிகாரிகள் அவரைத் தேடிச் சென்ற பிறகே விஷயம் தெரிந்துகொண்டார். அந்தப் பக்கத்தில் ஹெலிகாப்டர்கள் அடிக்கடி வரும் என்பது அவர் அறியாததல்ல. அறிந்திருந்தும், கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு டிரோனை அனுப்பிவிட்டு, கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திரை, டிரோன் எதைப் பார்க்கிறதோ அதை மட்டுமே காட்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் மேலிருந்தும் வருவதைக் காட்டாது.

அவர் பொல்லாதவர் என்று நாம் சொல்ல வரவில்லை. நம்மில் எவரும் செய்யக்கூடிய பிழையையே அவர் செய்தார். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

சாலையில் இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் இரண்டு வண்டிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இருவரும் சற்று ஒதுங்குகிறார்கள். ஆகாயத்தில் அப்படியல்ல. விரைந்து செல்லும் ஹெலிகாப்டரின் விமானிக்கு, ஒரு சாண் அகலமுள்ள டிரோன் கண்ணில் படுவதே அரிது. பட்டாலும் விலகுவதற்கு நேரம் இராது. ஆகவே ஒதுங்க வேண்டிய பொறுப்பு முழுவதும் தரையில் நிற்பவனையே சார்ந்தது. நம் நாட்டின் 2021-ம் வருஷத்து டிரோன் விதிகளும், மனிதர் செல்லும் விமானத்துக்கே வழியில் முதல் உரிமை என்றும், டிரோன் அதனிடமிருந்து விலகியே இருக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றன.

சத்தம் கேட்ட பிறகு இறக்கிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஹெலிகாப்டர் ஒரு கிலோமீட்டர் தூரத்தை 20 விநாடியில் கடந்துவிடும். விளையாட்டு டிரோன்களில் பல, விநாடிக்கு மூன்று அல்லது நாலு மீட்டர் வீதமே கீழே இறங்கும். 120 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட அவற்றுக்கு 30 முதல் 40 விநாடி வேண்டும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சத்தத்தைக் கேட்டு உடனே இறக்கத் தொடங்கினாலும், ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வரும்போது டிரோன் பாதி வழியில்தான் இருக்கும்! அதுவே 50 மீட்டரில் பறந்துகொண்டிருந்தால் பதினைந்து விநாடியில் ஏறக்குறைய இறங்கிவிடும். விதி அனுமதிக்கும் உயரம் வேறு, நிதானமுள்ளவன் பறக்கவிடும் உயரம் வேறு என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு. பெரும்பாலான டிரோன்களில், "வீட்டுக்குத் திரும்பு" என்று கட்டளையிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. பதற்றத்தில் பையன்கள் அதையே அழுத்துவார்கள். ஆனால் தூரத்திலிருக்கும் டிரோன், அந்தக் கட்டளையைப் பெற்றதும் முதலில் குறித்து வைத்த உயரத்துக்கு மேலே ஏறி, அதன் பிறகே திரும்புகிறது. ஹெலிகாப்டர் வரும் வேளையில் மேலே ஏறுவது ஆபத்தைத் தேடிப் போவதாகும். கீழே ஆட்களும் மின்கம்பிகளும் இல்லாத இடம் பார்த்து நேரே கீழே இறக்குவதே முறை. யந்திரம் கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

மலைப் பிரதேசங்களுக்கு உல்லாசமாகச் செல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் தெரியும் உயரம், கிளம்பிய இடத்திலிருந்து அளந்த உயரமாகும். குன்றின் உச்சியில் நின்று 100 மீட்டர் என்று நினைத்து அனுப்பும் டிரோன், எதிரேயுள்ள பள்ளத்தாக்குக்கு மேலே 500 மீட்டரில் இருக்கலாம். அந்தப் பள்ளத்தாக்கு ஹெலிகாப்டர்களின் வழியாகவும் இருக்கலாம்.

நமது விதிகளின்படி சர்க்கார் வெளியிட்டுள்ள தேசப் படத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆகாயம் பகுக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் 120 மீட்டர், அதாவது 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வட்டத்தில் இந்த அளவு 60 மீட்டராகக் குறைகிறது. சிவப்பில் மத்திய சர்க்காரின் அனுமதி இன்றியமையாதது. ஆனால் இரண்டு கிலோ எடை வரையுள்ள டிரோனை வியாபார நோக்கமின்றிப் பறக்கவிடுகிறவனுக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. சர்க்கார் அவனுக்குப் பரீட்சை வைக்கவில்லை. ஆகவே அந்தப் பரீட்சையை வீட்டுப் பெரியவர்கள்தான் வைக்க வேண்டும்.

பச்சைப் பகுதியானாலும் ஹெலிகாப்டர் வராது என்பது நிச்சயமில்லை. தேர்தல் காலத்தில் தலைவர்களை ஏற்றிக்கொண்டு கல்லூரி மைதானத்தில் அது இறங்குகிறது. வெள்ள காலத்திலோ, அதன் வேலையே தாழப் பறப்பதுதான். 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு உணவுப் பொட்டலங்களைக் கொண்டு வந்து போட்டவை ஹெலிகாப்டர்களே. இத்தகைய சமயத்தில், "வெள்ளத்தைப் படம் பிடிக்கிறேன்" என்று ஓர் இளைஞன் டிரோனை மேலே அனுப்பினால் என்ன ஆகும்? மோத வேண்டுமென்பதில்லை, அது அங்கே பறக்கிறது என்று தெரிந்தாலே விமானி விலகிச் செல்ல நேரிடும். கூரையின்மேல் குழந்தையுடன் காத்திருக்கும் தாய் மேலும் காத்திருக்க வேண்டியதுதான்.

இது வெறும் கற்பனையல்ல. 2025-ம் வருஷம் ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தருகே காட்டுத்தீ பரவியபோது, தண்ணீரை வாரி இறைத்துத் தீயணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஒரு டிரோன் மோதித் துளை செய்தது. ஊர் எரிந்துகொண்டிருக்க, அந்த விமானம் சில நாட்கள் தரையில் நிற்க வேண்டியதாயிற்று. அங்கேயும் டிரோன் அதை விட்டவரின் கண் பார்வையைக் கடந்து போயிருந்தது.

ஆதலின், பிள்ளைக்கு டிரோன் வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு நாம் சொல்லுவது இதுதான்: பறக்கும் இடம் எந்த நிறம் என்று முதலில் பாருங்கள். டிரோன் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்கட்டும். பையன் திரையைப் பார்க்கும்போது, தம்பியோ தங்கையோ பக்கத்தில் நின்று ஆகாயத்தைப் பார்க்கட்டும், காதையும் தீட்டிக்கொள்ளட்டும். ஹெலிகாப்டரின் சத்தம் கேட்டால், எந்தப் பக்கம் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிராமல் உடனே இறக்கட்டும். வெள்ளம், தீ, விபத்து நடக்கும் இடங்களில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்குவது ஒரு வகை. மேலே செல்பவரின் உயிரை நினைத்துத் தானே ஒதுங்குவது மற்றொரு வகை. சுதந்திர தேசத்தின் பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது வகையையே.