பிள்ளைகள் வாசிக்கும் நூல்

"இளைய தலைமுறை கெட்டுவிட்டது" என்னும் ஒப்பாரி இன்று மேடைதோறும் ஒலிக்கின்றது. பரிசளிப்பு விழாவுக்கு வரும் பிரமுகர் கவலைப்படுகின்றார், பிரசங்கியார் கவலைப்படுகின்றார், தேர்தல் முடிந்த மறுநாள் அரசியல்வாதியும் கவலைப்படுகின்றார். அவர்கள் கையில் மருந்தும் ஆயத்தமாகவே உள்ளது: இன்னும் ஒரு நீதிப் பாடம், இன்னும் ஓர் ஒழுக்க முகாம், இவை பயன்படாவிடின் பிரம்பு. பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இப்பெரியோரிடம் நாம் கேட்பது ஒன்றே. பிள்ளைகள் முன்னே நாள்தோறும் எந்த நூலை விரித்து வைத்திருக்கின்றீர்கள்?

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டிலே, கடலோரத்தில் உள்ளது தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் அங்கு நடைபெறும் திருவிழாக்களுக்குச் சிங்களவரும் தமிழரும் குடும்பம் குடும்பமாக வந்து கூடுகின்றனர். கத்தோலிக்கர் அல்லாதோரும் வருவதுண்டு. அன்னம்மாள் மரியாளின் தாய் என்பது மரபு. நான்கு நற்செய்திகளிலும் அவள் பெயர் இல்லை. ஆயினும் ஐரோப்பிய ஓவியர்கள் அவளைப் பல நூற்றாண்டுகள் விரும்பித் தீட்டினர். 17-ஆம் நூற்றாண்டில் ரூபன்சும் முரில்லோவும் அவளைச் சிறுமி மரியாளுக்கு வாசிக்கக் கற்பிக்கும் தாயாகவே தீட்டினார்கள். அவள் கையிலே பிரம்பு இல்லை. மகளின் அருகிலேயே இருக்கின்றாள். இருவருக்கும் பொதுவாக ஒரு நூல் இருக்கின்றது. நம்பிக்கையுடையோருக்கு அது பக்திச் சித்திரம். ஆசிரியராகிய நமக்கு அதுவே கல்வி பற்றிய முழுப் பாடம்: கற்பிப்பவர் தாமும் அந்த நூலை வாசித்தல் வேண்டும்.

பெருங்கூட்டம் கூடும் எந்தத் திருவிழாவையும் எண்ணிப் பாருங்கள். வழிநெடுகச் செபமும் பாட்டும் ஒலிக்கும் வண்டியின் யன்னலால் சோற்றுப் பொதியின் உறை வீதியில் விழுகின்றது. மரநிழலில் சாராயப் போத்தல் திறக்கப்படுகின்றது. வரிசையில் நின்ற முதியவளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் முன்னே செல்கின்றார். இத்தனைக்கும் நடுவே சிறு பிள்ளைகள் நிற்கின்றனர். அவர்கள் பிரசங்கத்தைக் கேட்டார்களோ இல்லையோ, இவற்றையெல்லாம் கண்டார்கள்.

வீட்டிலே நிகழ்வதும் இதுவே. "ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கி வா" என்று தகப்பன் பத்து வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகின்றான். 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலையோ மதுவோ விற்பது குற்றமென்று இந்நாட்டில் 2006-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. கடைக்காரர் அறிவார், தகப்பனும் அறிவான். சட்டம் என்பது ஏட்டில் இருப்பது, நாம் நடப்பது வேறு என்னும் பாடத்தை அப்பிள்ளை ஒரு சிகரெட்டின் விலையில் கற்றுக்கொள்கின்றது.

இது வெறும் ஊகமன்று. 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் பண்டூராவும் அவருடைய தோழர்களும் 72 சிறுவர் சிறுமியரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். காற்றடைத்த ஒரு பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடித்தும் உதைத்தும் ஏசியும் நடப்பதைச் சில பிள்ளைகள் கண்டனர். வேறு சிலர், பெரியவர் அமைதியாக விளையாடுவதைக் கண்டனர். பின்னர் அத்தகைய பொம்மை இருந்த அறையில் விடப்பட்டபோது, அடியைக் கண்ட பிள்ளைகள் அதே அடியை அடித்தனர். அதே வசைச் சொற்களையும் சொன்னனர். அமைதியைக் கண்டவர்களிடம் அது மிகக் குறைவாகவே இருந்தது. அடி என்று எவரும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். முன்மாதிரி பற்றிப் பேசத் தொடங்கியவுடன் ஏழைப் பெற்றாரை இடித்துரைப்பது நம் சீமான்களுக்குக் கைவந்த கலை. நுண்கடன் தவணை வாங்குபவர் வரும் நாளிலே ஒரு தாய் தன் பிள்ளையை வாசலுக்கு அனுப்பி, "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லச் சொல்கின்றாள். அது பொய்தான், அப்பிள்ளை பொய்யைக் கற்கின்றது என்பதும் மெய்தான். ஆனால் அப்பொய்யை அவளுக்கு எழுதிக் கொடுத்தது யார்? வறட்சியால் நலிந்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடன்களை 2018-இல் அரசே முன்வந்து தள்ளுபடி செய்யவேண்டிய அளவுக்கு அச்சுமை பெருகியிருந்தது. வட்டியின் பிடியை விட்டுவிட்டுத் தாயின் நாவை மட்டும் திருத்த முற்படுவோர் ஒழுக்கத்தின் காவலர் அல்லர், வட்டியின் காவலரே.

ஆகவே மேலிருந்தே கேட்போம். குப்பையைத் தொட்டியிலே போடு என்று பாடசாலையிலே கற்பிக்கின்றோம். 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளிலே, கொழும்பின் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட ஏழை மக்களைப் புதைத்தது. அதற்குப் பின்னர் தலைநகரத்தின் குப்பைக்குக் குறிக்கப்பட்ட இடம் எது? இதே புத்தளம் மாவட்டத்து அருவக்காடு. மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். ஆயினும் 2019-இல் குப்பை வண்டிகள் வந்தன. தன் வீட்டுக் குப்பையை அயலான் முற்றத்தில் கொட்டும் அயோக்கியத்தனத்தை ஓர் அரசே செய்து காட்டும்போது, மிட்டாய்த் தாளை வீதியில் எறிந்த சிறுவனைத் தண்டிக்க எந்தப் பெரியவருக்கு வாய் உண்டு?

இதனினும் பெரிய பாடம் ஒன்றும் இம்மாவட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை, ஏறக்குறைய 75,000 பேரை, பிறந்த மண்ணிலிருந்து விரட்டினர். தமிழின் பெயரால் நிகழ்ந்த அக்கொடுமையைத் தமிழில் எழுதும் நாம் மறைத்துப் பேசலாகாது. மன்னார்ப் பகுதியிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். அந்நாளில் புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர். தாமும் வறியவராயிருந்தும் உலை வைத்தனர். பின்னாளில் நிலத்துக்கும் தண்ணீருக்கும் தொழிலுக்கும் உரசல்கள் எழுந்ததுண்டு. எனினும் அன்று கதவருகே நின்று பார்த்த பிள்ளைகள் ஒரு பெரும் நூலை வாசித்தார்கள்.

இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 2019 ஏப்ரல் 21-இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வைத்த கொலைஞர்கள் உயிர்த்த ஞாயிறை இரத்தத்தில் தோய்த்தனர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில், அக்குற்றத்தோடு எத்தொடர்பும் அற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கேயும் பிள்ளைகள் கதவருகே நின்றனர். கல்லெறிந்த கைகள் ஒரே நாளில் முளைத்தவையா? இராச்சோற்றின்போது அயலவரைப் பற்றிச் சொன்ன இழிசொல், சந்தையில் பிற மொழியாளனைக் கண்டு சிரித்த ஏளனச் சிரிப்பு, "அவர்கள் கடையில் வாங்காதே" என்ற கட்டளை: இவையே ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்த பயிற்சி. கலவரம் அதன் பரீட்சை.

ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பறையும் இக்கணக்குக்கு உட்பட்டதே. ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கிலே, அரசியலமைப்பின் 11-ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக நாட்டின் உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. வன்முறை கூடாதென்று பாடம் நடத்திக்கொண்டே பிரம்பை ஓங்குபவர் கற்பிப்பது பிரம்பையே. வலியவன் அடிக்கலாம், எளியவன் வாங்கவேண்டும் என்னும் பழைய சமுதாய நீதியை, இலவசக் கல்வி தந்த நாட்டின் வகுப்பறையிலேயே அவர் நிலைநாட்டுகின்றார்.

அப்படியாயின் செய்யவேண்டியது என்ன? புனிதர்களாகும்படி நாம் எவரையும் கேட்கவில்லை. சிகரெட் வாங்கப் பிள்ளையை அனுப்பாதிருக்கப் பணம் வேண்டியதில்லை. திருவிழாவில் உண்ட சோற்றின் உறையை வீட்டுக்குக் கொண்டு செல்லப் பட்டம் வேண்டியதில்லை. அயலவரை மரியாதையோடு அழைப்பதற்கும், அடுத்தவர் மொழியில் நாலு சொல் கற்பதற்கும், வகுப்பறையிலிருந்து பிரம்பை அகற்றுவதற்கும் எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை. இவற்றை இன்றே தொடங்கலாம். கூடவே, வட்டிக்காரனையும் குப்பையை ஏழை ஊருக்கு அனுப்பும் ஆட்சியையும் இனவெறியை விதைப்போரையும் எதிர்த்து ஒன்றுதிரளவேண்டும். அநீதிக்கு முன்னே வாய்மூடி நிற்கும் பெற்றாரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரியே: அடிமைத்தனத்தின் முன்மாதிரி.

பிள்ளைகள் வாசித்துக்கொண்டே இருக்கின்றனர். நீதிப் பாடத்தை மூடிவைக்க மணி அடிக்கும். பெரியோர் நடத்தை என்னும் நூலை மூடிவைக்க மணி இல்லை. அதில் இனி என்ன எழுதப்போகின்றோம் என்று ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு பாடசாலையும், ஒவ்வொரு தொழிற்சங்கமும் தன்னைத் தானே கேட்கட்டும்.