மண்சுவரும் ஒரு வகுப்பறையே

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

நம் கல்லூரியில் எப்பாடம் பயில்வோராயினும் சுற்றுச்சூழல் கல்வி என்னும் தாளை எழுதித் தேறியாக வேண்டும். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இதற்கு வித்து. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அத்தாளை நாம் எவ்வாறு படிக்கிறோம் என்பதைத் தோழர்கள் நன்கறிவார்கள். பங்குனி வெயிலில் தகிக்கும் கான்கிரீட் கூரையின் கீழே, மின்சாரம் போன வேளையில், கையேட்டை விசிறியாக்கிக் கொண்டு "பசுமைக் கட்டடம்: குறிப்பு வரைக" என்னும் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்கிறோம். வியர்வை வழியும் நெற்றிக்கும் எழுதும் விடைக்கும் தொடர்பு உண்டு என்று எவரும் எண்ணுவதில்லை.

கட்டடமே பாடநூலாக இருக்க முடியும் என்பதை நான் உணர்ந்தது முதலாமாண்டுச் சுற்றுலாவில்தான். மாணவர் பலருக்கு மெரினாவும் வண்டலூரும் மட்டுமே குறி. பேராசிரியர் ஒருவரின் பிடிவாதத்தால் பயணத் திட்டத்தில் இடம் பெற்றது அடையாற்றுத் தொல்காப்பியப் பூங்கா. பேருந்தில் எழுந்த முணுமுணுப்பை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஒட்டி, இராசா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது அப்பூங்கா. கழிமுகமும் உப்பங்கழியும் சேர்ந்து 358 ஏக்கர். அதில் 58 ஏக்கரை முதலில் சீர்படுத்தி 2011 சனவரியில் திறந்தார்கள். ஒரு காலத்தில் சென்னையின் இடிந்த கட்டடங்களெல்லாம் செங்கல்லும் சல்லியுமாக வந்து விழுந்த இடம் அது. குப்பையை அகற்றி, நீர் தேங்கும் பள்ளங்களை மீட்டு, அந்த மண்ணுக்கு உரிய மரஞ்செடிகளைத் தேடி வைத்திருக்கிறார்கள். இதற்குத் திட்டம் வகுத்துத் தந்தவர்கள் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டைச் சேர்ந்தவர்கள். பூங்கா என்றதும் நம் மனத்தில் எழும் வெட்டிவிட்ட புல்தரை, வண்ண நீரூற்று, ஊஞ்சல் ஆகியவற்றை எதிர்பார்த்து அங்கே சென்றால் ஏமாற்றமே. நீரும் நாணலும் பறவையுமே அங்கே காட்சிப் பொருள்கள். நாங்கள் கண்டபின் அங்குச் சீரமைப்புப் பணிகள் நடந்துள்ளன. இங்கே நான் எழுதுவது அன்று கண்டதை.

அதன் நடுவில் சுற்றுச்சூழல் கல்விக்கென்று ஒரு மையம். பெரிய மாளிகை அன்று. காற்றும் வெளிச்சமும் தடையின்றி உள்ளே வர, நாங்கள் அமர்ந்து ஒருவர் விளக்கிச் சொல்வதைக் கேட்டோம். கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதையும், கழிவுநீரை அங்கேயே தூய்மை செய்து செடிகளுக்குப் பாய்ச்சுவதையும் சொன்னார். என் பக்கத்தில் இருந்த நண்பன், "கழுவின தண்ணிய வாழைக்கு விடறத எங்க வீட்டுலயே பண்றோம், இதுக்கு ஏன் மெட்ராஸ் வரணும்?" என்று காதோடு கேட்டான். சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கேட்டது சிரித்து விட்டுவிடக்கூடிய கேள்வியன்று. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

திரும்பும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து ஆரோவில்லில் இறங்கினோம். அங்குள்ள பார்வையாளர் மையம் என் கருத்தை அடியோடு மாற்றியது. 1989 முதல் 1992 வரை கட்டப்பட்ட அதன் வளைவுகளும் கூரைகளும் மண்ணால் ஆனவை. சூளையில் வேகாத மண்! மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அதன் கீழுள்ள மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, சிறிதே ஈரப்படுத்தி, கையால் இயக்கும் இரும்பு அச்சில் இட்டு அழுத்துகிறார்கள். கல்லாக வெளிவருவதை நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்துகிறார்கள். விறகு வேண்டாம், கரி வேண்டாம். மண் எடுத்த பள்ளத்தையே மழைநீர்க் குளமாக்கிக் கொள்ளலாம். ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென்று அசன் பாத்தி என்னும் எகிப்தியக் கட்டடக் கலைஞரின் பெயரால் வழங்கப்படும் விருது 1992இல் இம்மையத்திற்குக் கிடைத்திருக்கிறது.

நான் வடக்கனந்தல்காரன். கல்வராயன் மலையடிவாரத்து ஊர். மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் கரும்பு. எங்கள் ஆயாவின் வீடு மண்வீடு. செம்மண்ணைக் கொட்டி நீர்விட்டு, வைக்கோலைத் தூவி, இரண்டு நாள் புளிக்கவைத்து மிதித்து, ஒரு முழ உயரம் சுவர் வைப்பார்களாம். அது காய்ந்து இறுகியபின் அடுத்த முழம். கூரைக்குக் கரும்புத் தோகை. சித்திரை நண்பகலில் அந்த வீட்டிற்குள் நுழைந்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். தடித்த மண்சுவர் வெயிலை மெல்ல மெல்ல வாங்குகிறது. சூடு உட்பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. நம் கான்கிரீட் தளமோ பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் நம்மீது உமிழ்கிறது. மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களில் மூங்கிலை வரிந்து மண் அப்பிய சுவரும் புல்வேய்ந்த கூரையுமாக மலையாளிப் பழங்குடியினர் கட்டிய வீடுகளும் இந்த அறிவின் பிள்ளைகளே.

இந்த இடத்தில் என் வகுப்புத் தோழர் சிலர் கைதட்டக்கூடும்: "ஆகா, பழமையே சிறந்தது, மண்வீட்டிற்கே திரும்புவோம்!" அவர்களோடு நான் உடன்படவில்லை. மண்வீட்டை அழகு என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அதில் ஒரு கார்த்திகை அடைமழையைக் கழித்திராதவர்கள். கரையான் ஏறுவதும், ஒழுகும் இடத்தில் குண்டான் வைப்பதும், ஆண்டுதோறும் கூரை மாற்ற ஆள் தேடி அலைவதும், பொங்கலுக்கு முன் சாணியிட்டு மெழுகி இடுப்பு ஒடிவதும் அவர்களுக்குத் தெரியா. ஒரு தீப்பொறி போதும், தோகைக்கூரை அரைநாழிகையில் சாம்பல். என் அம்மா சொல்வார்: "மண்ணு வீட்டப் பத்தி எழுதறவங்க எல்லாரும் மச்சு வீட்டுல உக்காந்துதான் எழுதறாங்க." இதற்கு மறுமொழி என்னிடம் இல்லை.

தமிழக அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் ஊரகங்களில் 8 இலட்சம் வீடுகள் கட்டுவதை நோக்கமாகக் கொண்டது. வீடு ஒன்றுக்கு 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. குடிசையில் நனைந்தவர்களுக்கு இது எத்துணை பெரிய ஆறுதல் என்பதை எங்கள் தெருவிலேயே காண்கிறேன். அதைக் குறை கூற எனக்கு வாய் வராது. என் குறை வேறு. நகரத்தில் படித்தவர்கள் மண்ணை ஆராய்ந்து, அதன் குறைகளை நீக்கி, விருது வாங்கும் கட்டடமாக எழுப்பிக் காட்டுகிறார்கள். அந்த ஆராய்ச்சியின் பயன் மட்டும் மண்ணோடு வாழ்ந்தவர்களின் வாசலுக்கு வருவதில்லை. ஆயாவின் சுவருக்கும் ஆரோவில்லின் சுவருக்கும் இடையே உள்ளது ஐந்து விழுக்காட்டுச் சிமெண்டும் ஓர் இரும்பு அச்சும் கொஞ்சம் கணக்கும் தான். இந்த இடைவெளியைக் கடக்க ஒருவரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. ஆகவே நம் ஊரில் இரண்டே நிலைகள்: ஒன்று ஒழுகும் குடிசை, மற்றொன்று வேகும் கான்கிரீட். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் விளைவது என்பதைத் தேர்வில் எழுதுகிறோம். எழுதிவிட்டு வீட்டிற்குப் போய் மூட்டை கணக்கில் சிமெண்டு வாங்குகிறோம். வேறு வழியை எவரும் கண்ணில் காட்டாதபோது ஏழைக் குடியானவனைக் கடிந்து என்ன பயன்?

கண்ணில் காட்டுவது என்றேன். அதிலும் ஒரு பக்குவம் வேண்டும். மேலே சொன்ன அசன் பாத்தி 1945ஆம் ஆண்டு தொடங்கி எகிப்தில் லக்சருக்கு அருகே புதிய கூர்ணா என்னும் சிற்றூரை மண்கல்லால் கட்டினார். பழைய கல்லறைகளின்மேல் வீடு கட்டி வாழ்ந்த மக்களை அங்கே குடியேற்றுவதே அரசின் எண்ணம். எழில் மிகுந்த ஊர். ஆயினும் மக்களில் பலர் வர மறுத்துவிட்டனர். வீடு யாருக்கோ அவர்களைக் கேளாமல் முடிவெடுத்தால் எவ்வளவு நல்ல மண்ணும் உதவாது. இதற்கு மாறாக, இங்கிலாந்தில் பிறந்து நம் நாட்டையே தம் நாடாக்கிக் கொண்ட இலாரி பேக்கரை எண்ணிப் பாருங்கள். வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் கூறிய அறிவுரையைத் தம் தொழிலுக்கு வழிகாட்டியாகக் கொண்டவர் அவர். திருவனந்தபுரத்தில் கொத்தனார்களோடு தாமும் நின்று, செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் கட்டுமுறையால் கல்லையும் காசையும் மிச்சப்படுத்தினார். வரைபடத்தில் இருந்ததைவிட மேஸ்திரியின் கையில் ஏறியதே மிகுதி. அதனால்தான் 2007இல் அவர் மறைந்த பின்னும் அந்த முறை கேரளத்தில் மறையவில்லை.

இனி என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். இதற்கு ஏன் சென்னை வர வேண்டும்? வரத் தேவையில்லை, வரவேண்டியிருப்பதுதான் குறை. தொல்காப்பியத்தின் பெயரைச் சூடிய பூங்கா நெய்தல் நிலத்தில் அமைந்திருக்கிறது. அத்தொல்காப்பியம் வகுத்த குறிஞ்சியும் மருதமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கிறது வடக்கனந்தல். கல்படை, பொட்டியம் முதலிய மலை ஓடைகள் வந்து சேரும் கோமுகி அணை எங்கள் பக்கத்திலேயே. 46 அடி உயரம், 560 மில்லியன் கன அடி கொள்ளளவு. அணை நிரம்பினால் கரும்பும் நெல்லும் சிரிக்கும். காணும் பொங்கலன்று அணைப் பூங்காவில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், அங்கே ஓர் இயற்கைக் கல்வி நிலையம் வந்தால் கேட்க ஆள் இருக்குமா என்று ஐயுற மாட்டார்கள். 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு அலுவலகங்கள் ஒவ்வொன்றாய் எழும்பி வருகின்றன. அவற்றின் நடுவே ஒரே ஒரு மண்கட்டடம் எழும்பினால் என்ன?

அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சுவர் இந்த ஊர்ச் செம்மண்ணால், அழுத்திய கல்லால் அமைய வேண்டும். கூரை ஒழுகவே கூடாது. ஒழுகினால் எங்கள் ஊரார் அடுத்த தலைமுறைவரை அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். கட்டுபவர்கள் வெளியூர் ஒப்பந்தக்காரர்களாக இல்லாமல், கச்சிராயபாளையத்துக் கொத்தனார்களும் சித்தாள்களும் மலையிலிருந்து வரும் இளைஞர்களுமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு அந்த மூன்று மாதமே பயிற்சிக் காலம். கூலியும் உண்டு, கைத்தொழிலும் உண்டு. ஒரு சுவரை மட்டும் பூசாமல் திறந்தபடி விட்டு, உள்ளே மண்கல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்ட வேண்டும். அதன் அருகே ஆயாவின் காலத்து முழச்சுவரும் ஒரு பத்தடி இருக்கட்டும். எது எங்கே கரைகிறது, எது தாங்குகிறது என்பதை ஐப்பசி மழையே எல்லாருக்கும் காட்டிவிடும்.

கற்பிப்பவர் யார் என்பதும் எனக்கு முக்கியம். கடுக்காய் மரம் எப்போது பூக்கும், எந்த ஓடை கோடையிலும் வற்றாது, சாமையும் தினையும் எந்தச் சரிவில் விளையும் என்பதையெல்லாம் மலைமேல் முதியவர்கள் நா நுனியில் வைத்திருக்கிறார்கள். தாவரவியல் துறையினர் அம்மரத்தின் இலத்தீன் பெயரைச் சொல்லட்டும். அவர்கள் அதன் நிழலைச் சொல்லட்டும். ஒரே திண்ணையில் இருவரும் அமர வேண்டும். முதியவர்களுக்கு மதிப்பூதியம் தர வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனெனில் அனுபவ அறிவை இலவசமாக வாங்கிக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வாரத்தில் சில நாள் மட்டும், கடிதம் கொடுத்துக் குழுவாக வருவோருக்கே கதவு திறக்கும் என்ற நிலையும் கூடாது. ஆடு மேய்த்துவிட்டு வரும் சிறுவன் கோலைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார இடம் வேண்டும்.

இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை, நாம் என்ன செய்ய முடியும் என்று தோழர்கள் கேட்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். கோயில் வளாகத்தில் புல் செதுக்குகிறோம், விழிப்புணர்வு ஊர்வலம் போகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். வரும் ஆண்டு முகாமை வடக்கனந்தலில் வைத்துக்கொள்ளலாம் என்பது துறைப் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள். முதல் இரண்டு நாள் ஊரிலும் மலையிலும் எஞ்சியிருக்கும் மண்வீடுகளைக் கணக்கெடுப்போம்: சுவரின் கனம், கூரைப் பொருள், கட்டியவர் பெயர், அவர் இன்றும் இருக்கிறாரா என்பது வரை. இயற்பியல் துறை மாணவர்கள் இரண்டு வெப்பமானிகளோடு வந்தால் ஆயா வீட்டிலும் எதிர்வீட்டுக் கான்கிரீட் அறையிலும் காலை முதல் இரவு வரை மணிக்கொரு முறை அளந்து எழுதலாம். மீதி நாள்களில், ஆரோவில் மண் நிறுவனத்தாரிடமிருந்து ஓர் அச்சை இரவல் பெற முடியுமானால், நாமே மண்கல் அடித்து ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு திண்ணை கட்டலாம். எட்டடி நீளம் போதும். ஆயா வீட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கலாம். சோற்றுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறார்.