கோளாறு மாணவர் தலையிலா, துறையிலா?

முதுகலை மாணவர்களின் மன அழுத்தம் பற்றிய ஆய்வேடுகளுக்கு நம் பல்கலைக்கழகங்களில் பஞ்சமே இல்லை. நான் புரட்டிப் பார்த்தவை பெரும்பாலும் ஒரே அச்சு. சிந்தனைப் பாணியை அளக்க ஒரு வினாப்பட்டியல், அழுத்தத்தைச் சமாளிக்கும் விதத்தை அளக்க இன்னொன்று. இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு கண்டுபிடித்தால் முனைவர் பட்டம். முகப்புத் தாளில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கும். உள்ளே ஒரு கேள்வியில்கூட சாதி இருக்காது.

சிந்தனைப் பாணி என்ற கருத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க். அரசாங்கத்தை உவமையாக வைத்து 13 பாணிகள் சொன்னார். தானே வழி வகுப்பவர் சட்டமியற்றும் பாணி, சொன்னதைச் செய்பவர் நிறைவேற்றும் பாணி, எடைபோட்டுக் கேள்வி கேட்பவர் தீர்ப்பிடும் பாணி. இவை பிறவிக் குணமல்ல, சமூகம் பழக்குவது, இடத்துக்கு இடம் மாறுவது என்று அவரே எழுதியிருக்கிறார். நம் ஆய்வேடுகள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டுவிடுகின்றன.

எங்கள் துறையில் ஒரு தங்கை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள். முதல் பருவத்தில் கருத்தரங்கில் எழுந்து கேள்வி கேட்டாள். "கோட்டாவில வந்துட்டு இவ்வளவு பேச்சா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். ஆசிரியர் காதில் அது விழுந்தது, சிரித்தார். மூன்றாம் பருவத்தில் அவள் சொன்னதை மட்டும் செய்தாள். அப்போது அவளிடம் வினாப்பட்டியலைக் கொடுத்தால் 'நிறைவேற்றும் பாணி' என்று மதிப்பெண் வரும். அளக்கப்பட்டது அவள் மூளையா, அந்த வகுப்பறையா?

லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் எழுதிய நூல் இன்னும் தெளிவு. நிலைமையை மாற்ற முடியும் என்று தோன்றினால் மனிதர் சிக்கலோடு மோதுவார். முடியாது என்று தோன்றினால் தன் மனதைச் சமாளித்துக்கொள்வார். நெறியாளர் கையெழுத்துக்காக உதவித்தொகை காத்துக் கிடக்கும் இடத்தில், வாய் மூடியிருப்பது கோழைத்தனமான 'தவிர்ப்பு' அல்ல. கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

சரி, துணிந்து மோதினால்? ரோஹித் வெமுலாவை எந்த அளவுகோலில் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். கேள்வி கேட்டார், அமைப்பாகத் திரண்டார், துணைவேந்தருக்குக் கடிதம் எழுதினார், விடுதியிலிருந்து வெளியேற்றியபோது தோழர்களோடு வளாகத்திலேயே கூடாரம் போட்டார். பாடநூல் புகழும் சமாளிப்பு முறைகள்தான் அத்தனையும். ஏழு மாத உதவித்தொகை, ரூ.1,75,000, வராமலே 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். அவர் சிந்தனைப் பாணியில் என்ன குறை?

2019 மே மாதம் மும்பையில் முதுகலை மருத்துவ மாணவி பாயல் தத்வியை இழந்தோம். அதே ஆண்டில் ராதிகா வெமுலாவும் ஆபிதா தத்வியும் உச்ச நீதிமன்றம் போனார்கள். மனநல ஆலோசனை கேட்டல்ல. வளாகங்களில் பாகுபாட்டைத் தடுக்க பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த விதிகளை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்லி.

மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் செய்கிறேன். ஆனால் அடுத்த வினாப்பட்டியலோடு யாராவது உங்கள் துறைக்கு வந்தால், நிரப்பும் முன் கேளுங்கள்: நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைக் கேட்டு யாராவது உன்னைச் சீண்டினார்களா? இந்த மாத உதவித்தொகை வந்ததா? உன் துறையில் சாதிப் புகாரை யாரிடம் கொடுப்பது என்று தெரியுமா? இந்த மூன்றும் அதில் எத்தனையாவது கேள்வி?