‘நம்ம ஜனங்களுக்குப் புத்தி வராது’ என்று எழுதியவர்களுக்கு



நானும் வீட்டம்மாவும் சியாட்டிலில் மகள் வீட்டிலிருந்து கார் எடுத்துக்கொண்டு, ஒலிம்பிக் தீபகற்பத்தை 101-ஆம் எண் சாலையில் நான்கு நாள் சுற்றி வந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஹோ மழைக்காட்டில் பாசி தொங்கும் மரங்களுக்குக் கீழே நாங்கள் நிற்கும் படத்துக்குத்தான் பின்னூட்டம் அதிகம். அதில் பலர் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள்: “அவன் காட்டைக் கோயில் மாதிரி வெச்சிருக்கான் சார். நம்ம ஜனங்களுக்கு இந்தப் புத்தி எந்தக் காலத்துலயும் வராது.”

வேறு யாராவது எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என்னிடம் வரலாறு படித்தவர்கள் எழுதியதால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில், நான் படம் எடுக்காமல் விட்டதைச் சொல்கிறேன். தேசியப் பூங்காவின் எல்லையைத் தாண்டினால் மலை மலையாக மொட்டை. அடிக்கட்டைகள் மட்டும் நிற்கின்றன. மற்ற இடங்களில் ஒரே வயது, ஒரே உயரத்தில் வரிசையாக நட்ட மரங்கள். “என்னங்க, நம்ம ஊர் தைலமரத் தோப்பு மாதிரியே இருக்கு?” என்றாள் வீட்டம்மா. மர லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. கோயில் மாதிரி வைத்திருக்கிறான் என்கிறீர்களே, கர்ப்பக்கிரகம் மட்டும்தான் மிச்சம். பிரகாரத்தை எல்லாம் வெட்டி விற்றாகிவிட்டது.

அந்த மிச்சமும் சும்மா கிடைத்ததில்லை. 1909-இல் தியடோர் ரூஸ்வெல்ட் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார். 1915-இல் வில்சன் அதைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார். 1938-இல்தான் தேசியப் பூங்கா வந்தது. அதன் பிறகும் எல்லையைச் சுருக்கச் சொல்லி மரக் கம்பெனிகள் விடாமல் முயன்றன. ஒவ்வொரு முறையும் எதிர்த்து நிற்க ஆள் இருந்ததால்தான் நாங்கள் போய் நின்று படம் எடுத்துக்கொள்ள அந்த மரங்கள் இருக்கின்றன.

விலையும் சின்னதில்லை. ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் ஒரு சிறிய உணவகத்தில் சாப்பிட்டோம். மரம் வெட்டுவதில் உலகத் தலைநகரம் என்று ஒரு காலத்தில் பெருமை பேசிய ஊர் அது. 1990-இல் புள்ளி ஆந்தையை ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். அடுத்த வருடமே அரசுக் காடுகளில் பழைய மரங்களை வெட்ட நீதிமன்றம் தடை போட்டது. காபி ஊற்றிய அம்மாள், தன் கணவர் 20 வருடம் மரம் வெட்டியவர் என்றார். “ஆந்தைக்கு வீடு கிடைச்சது, எங்களுக்கு வேலை போச்சு.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “அதே வேகத்துல வெட்டியிருந்தா, எப்படியும் ஒருநாள் வெட்ட மரம் இருந்திருக்காது.” ஆலைகளில் இயந்திரம் வந்து ஆள் குறைந்ததும், வெட்டிய மரத்தை அறுக்காமலே ஜப்பானுக்குக் கப்பலேற்றியதும் அந்தக் கதையில் சேரும். பழி மட்டும் ஆந்தை தலையில் விழுந்தது.

இன்னொன்று கேளுங்கள். எல்வா ஆற்றில் 1913-இல் அணை கட்டினார்கள். மீன் ஏறிப் போக வழி வைக்கவில்லை. சால்மன் மீனை நம்பி வாழ்ந்த க்ளாலம் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். 2011-இல் இடிக்கத் தொடங்கி, 2014-க்குள் இரண்டு அணைகளையும் எடுத்துவிட்டார்கள். மீன் திரும்பி வந்தது. ‘அவனுக்கு’ புத்தி வர நூறு வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் தானாக வரவில்லை, வரவைத்தார்கள்.

இது நம்மால் முடியாததா? பாலக்காட்டுப் பக்கம் சைலண்ட் வேலியில் அணை வராமல் தடுத்து, 1984-இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வைத்தது யார்? அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற எம்.கே. பிரசாத் என்னைப் போல ஒரு வாத்தியார். தாவரவியல் வாத்தியார்.

“புத்தி வராது” என்பது பணிவு போலத் தெரியும். உண்மையில் அது சோம்பேறித்தனம். நம் ரத்தத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டால், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை பாருங்கள்! உங்களில் வருவாய்த் துறையில் இருக்கிறீர்கள், பஞ்சாயத்தில் இருக்கிறீர்கள், வக்கீலாக இருக்கிறீர்கள். உங்கள் ஊர் ஏரிக்கும் குன்றுக்கும் ஒரு மனு எழுத உங்களுக்குத் தெரியும்.

ஹோ காட்டில் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் மேல் வரிசையாகக் கன்றுகள் முளைத்திருந்தன. “செத்த பிறகும் பிள்ளை வளர்க்குது பாருங்க” என்றாள் வீட்டம்மா. நான் 32 வருடம் உயிரோடு நின்று பாடம் நடத்தியவன். பிள்ளைகளுக்குப் புத்தி வராது என்று என்னிடமே சொல்லாதீர்கள்.