தொழிற்பேட்டை ஓரத்து மண்ணுக்கு உயிர் உரம் கைகொடுக்குமா?

''எங்கள் நிலம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல வருடங்களாக ரசாயன உரம் போட்டு நெல் சாகுபடி செய்ததில் மண் இறுகிவிட்டது. உயிர் உரம் போட்டால் மண் பழையபடி மாறுமா?''

- கும்மிடிப்பூண்டி வாசகர்.

மாறும். ஆனால், தொழிற்பேட்டையை ஒட்டிய நிலங்களில் உயிர் உரம் வாங்கும் முன்பு மண்ணையும் பாசன நீரையும் பரிசோதிப்பது அவசியம். மண்வள அட்டையில் கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம், சத்துகள் என 12 விவரங்கள்தான் இருக்கும். ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் அதில் வராது. அவற்றைத் தனியாகத்தான் பரிசோதிக்க வேண்டும். எந்த ஆய்வகத்தில் அந்த வசதி இருக்கிறது என்பதைத் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நுண்ணுயிர்கள் இலைதழைகளை மக்கவைக்கும்; உலோகத்தை அழிக்காது. உலோகம் அளவுக்கு மீறி இருந்தால், அந்த நீரைப் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு, விஞ்ஞானிகளின் ஆலோசனைப்படியே பயிரைத் தேர்வு செய்ய வேண்டும். பரிசோதனை அறிக்கையை இணைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுக்கலாம்.

உலோகப் பிரச்னை இல்லை என்றால், முதல் வேலை நுண்ணுயிர்களுக்குத் தீனி கொடுப்பதுதான். அங்ககக் கரிமம் இல்லாத மண்ணில் உயிர் உரம் நிலைக்காது. சம்பா பட்டத்துக்கு முன்பு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ம் நாள் பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். ஒரு வாரம் மக்கவிட்டு நடவு செய்யலாம். தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் 2024-25-ம் ஆண்டு பசுந்தாள் உர விதைகள் வழங்கப்பட்டன. இப்போது கிடைக்குமா என வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம்.

நடவுக்கு முன்பு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டையும் ஏக்கருக்குத் தலா 800 கிராம் எடுத்து, 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மணலுடன் கலந்து வயலில் தூவ வேண்டும். முன்னது காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துக் கொடுக்கும். பின்னது மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும். ரசாயன உரம், பூஞ்சணக்கொல்லி ஆகியவற்றுடன் இவற்றைக் கலக்கக் கூடாது. ரசாயன உரத்தை ஒரே போகத்தில் நிறுத்தினால் மகசூல் குறையலாம். படிப்படியாகக் குறைப்பதே நல்லது.

வயலில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால் மீத்தேன் வாயு அதிகம் உருவாகும். நீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ இறங்கிய பிறகு பாய்ச்சினால், மீத்தேனும் குறையும், மோட்டார் ஓடும் நேரமும் குறையும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். ஆனால், காட்மியம் உள்ள மண்ணைக் காயவிட்டால், நெற்பயிர் அதைக் கூடுதலாக உறிஞ்சும். பரிசோதனை முதலில் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.