வேரைப் பிடித்தால் வார்த்தை வரும்!

"தினம் 10 இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் செய்!" என்று பிள்ளைகளை விரட்டும் பெற்றோர் உண்டு. பிள்ளையும் கிளி மாதிரி ஒப்பிக்கிறது. ஆனால், காற்றுக் கேட்டைப் பற்றி இங்கிலீஷ் பத்திரிகையில் 4 வரி கொடுத்தால் திருதிரு என்று விழிக்கிறது! தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறவர்கள் திணறுவதும் இங்கேதான்.

வெறும் நெட்டுரு வீண் வேலை. வார்த்தையின் வேரைப் பிடிக்க வேண்டும்.

கிரேக்க மொழியில் "ஓய்கோஸ்" என்றால் வீடு. வீட்டை நிர்வாகம் செய்வது என்பதில் இருந்து வந்ததுதான் "எக்கானமி". அதாவது, பொருளாதாரம். 1866-ம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானி எர்னஸ்ட் ஹெக்கல் அதே வேரை எடுத்து இன்னொரு சொல்லை உண்டாக்கினார். அதுதான் இங்கிலீஷில் "ஈக்காலஜி". உயிர்களுக்கும் அவை வாழும் இடத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய படிப்பு அது.

இதன் வாலைப் பாருங்கள். "லஜி" என்றால் படிப்பு. "பயாலஜி" உயிர்களைப் பற்றியது. "ஜியாலஜி" பூமியைப் பற்றியது.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. "அப்பாலஜி" என்பது அப்பாவைப் பற்றிய படிப்பு அல்ல, மன்னிப்புக் கேட்பது!

"கிரீன் ஹவுஸ்" என்பதில் உள்ள இரண்டு வார்த்தையும் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனால், அது பச்சை வர்ணம் அடித்த வீடு அல்ல. குளிர் நாடுகளில் செடி வளர்க்கும் கண்ணாடி வீடு. உள்ளே வந்த வெப்பம் லேசில் வெளியே போகாது. கரியமில வாயுவும் பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் அதற்கு "கிரீன் ஹவுஸ்" வாயு என்று பெயர். முழுச் செய்தியையும் படித்தால்தான் இது புரியும்.

ஆகவே, ஞாயிறுதோறும் ஒரு செய்தி போதும். முதலில் அதைத் தமிழில் படிக்கட்டும். பிறகு அதே செய்தியை இங்கிலீஷில் படிக்கட்டும்.